எந்த விதையை விதைப்பது?

இளம் அறிவியல், தாவரவியல், இரண்டாம் ஆண்டு

'ஆடிப்பட்டம் தேடி விதை' என்னும் பழமொழியை அறியாதவர் நம்மில் எவரும் இலர். எப்போது விதைப்பது என்பதற்கு அது விடை கூறுகிறது. எதை விதைப்பது என்பதற்கோ, இன்று விடை கூறுபவர் பெரும்பாலும் விதைக் கடைக்காரரே. பொட்டலத்தின் மேலுள்ள பளபளப்பான படத்தைக் காட்டி அவர் எடுத்துக் கொடுப்பதை நாமும் மறுபேச்சின்றி வாங்கி வருகிறோம். இத்தேர்வை இவ்வளவு எளிதாகப் பிறர் கையில் விட்டுவிடலாமா?

வேங்கிக்காலில் எங்கள் வீட்டுக்குப் பின்புறம் நான்கு சென்ட் தோட்டம் உண்டு. மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தைச் சுற்றி மனைகள் பெருகப் பெருக, எங்கள் பகுதியில் இத்தகைய தோட்டங்கள் அருகி வருகின்றன. என் தாயார் எழுதப் படிக்க அறியாதவர். கல்லூரி வாசலை மிதித்தவர் எங்கள் குடும்பத்தில் எனக்கு முன் எவருமில்லை. ஆனால் மெண்டலின் விதியை நான் முதலில் கேட்டது வகுப்பறையில் அன்று, தக்காளிப் பாத்தியில். "கடை வெதை ஒரு வருசத்துப் புள்ள. மறு வருசம் யாரு சாடையில வரும்னு சொல்ல முடியாது" என்பார் என் தாயார். வீரிய ஒட்டு விதையின் முதல் தலைமுறை ஒரே சீராக வளரும். அதன் பழத்திலிருந்து எடுத்த விதை அடுத்த தலைமுறையில் குணங்கள் பிரிந்து பலவாறாகும். 1866இல் மெண்டல் வெளியிட்ட பட்டாணி ஆய்வும் இதைத்தானே கூறுகிறது! நம் ஊர் வெயிலில் விளையாத பட்டாணியைக் கரும்பலகையில் வரைந்து மனப்பாடம் செய்யும் நமக்கு, அம்மாவின் பாத்தி ஏனோ கண்ணில் படுவதில்லை.

இதனால் வீரிய ஒட்டு விதையே தீயது என்று நான் வாதிடவில்லை. ஏக்கர் கணக்கில் தக்காளி பயிரிட்டுச் சந்தைக்கு ஏற்றும் உழவருக்குச் சீரான காயும், வண்டியில் நசுங்காத தோலும் வேண்டும். விதைக்குக் கொடுக்கும் பணத்தை விளைச்சலில் எடுத்துவிடலாம் என்று அவர் கணக்கிட்டே வாங்குகிறார். வீட்டுத் தோட்டத்தின் கணக்கு வேறு. நமக்குத் தேவை ஒரே வாரத்தில் இருபது கிலோ அன்று. நான்கு மாதங்கள் நாள்தோறும் ஒரு குழம்புக்கான காய். அடுத்த ஆடிக்கும் அதே விதை கையில் இருக்க வேண்டும். பெரியகுளத்தில் உருவான பி.கே.எம். 1 தக்காளி, கோயம்புத்தூரின் கோ 2 கத்தரி, பாலூர் ஆராய்ச்சி நிலையத்தின் பாலூர் 1 கத்தரி ஆகியவை வீரிய ஒட்டு அல்ல. விதை எடுத்து வைக்கக்கூடிய ரகங்கள். அரசு நிலையம் வெளியிட்டது என்றாலே 'ஒட்டு விதை' என்று ஒதுக்குபவர்கள் இதனை அறிதல் நலம். கடையில் உள்ளதெல்லாம் மரபணு மாற்றியது என்பதும் வெறும் வதந்தியே. பி.டி. கத்தரிக்கு 2009 அக்டோபரில் நிபுணர் குழு ஒப்புதல் அளித்தபோதிலும், 2010 பிப்ரவரி 9 அன்று மத்திய அரசு அதனை நிறுத்தி வைத்தது.

மறுபக்கம், 'நாட்டு விதை' என்ற பெயருக்கே மயங்குவோரும் உளர். சென்ற ஆண்டு ஒரு விழாவில் பத்து வெண்டை விதைகளை முப்பது ரூபாய் கொடுத்து வாங்கினேன். முளைத்தவை மூன்று. உறையில் எடுத்த ஆண்டும் இல்லை, ஊரும் இல்லை. சான்று பெற்ற வெண்டை விதைக்குக் குறைந்தது 65 விழுக்காடு முளைப்புத்திறன் இருக்க வேண்டும் என்பது விதி. அதற்கு நீல நிற அட்டை கட்டியிருப்பார்கள். பாரம்பரியம் என்று கூறி விற்பவருக்கு மட்டும் அந்தக் கணக்கு வேண்டாமா? வெண்டையில் இன்னொரு தொல்லையும் உண்டு. வெள்ளை ஈ பரப்பும் மஞ்சள் நரம்புத் தேமல் நோய் வந்துவிட்டால் நாட்டு வெண்டை என்றும் பாராது. ஒரு காலத்தில் அந்நோயைத் தாங்கும் என்று புகழ்பெற்ற பூசா சவானி ரகமே பின்னர் அதற்கு இரையாயிற்று. காட்டினம் ஒன்றோடு கலந்து பெங்களூரில் உருவாக்கிய அர்க்கா அனாமிகாவை, நாட்டு விதை அன்று என்பதற்காக நான் வேண்டாம் என்னமாட்டேன்.

அவரையில் மட்டும் என் வாக்கு பழைய பந்தல் அவரைக்கே. அது குறும்பகல் தாவரம். ஆடியில் ஊன்றினால் கொடி நன்றாகப் படர்ந்து, பகல் குறுகும் பனிக்காலத்தில் கொத்துக் கொத்தாய்ப் பூக்கும். கோடையில் காய் பறிக்கலாம் என்று தையில் ஊன்றினால் வெறும் இலைதான் மிஞ்சும். அப்பருவத்துக்குக் குத்து அவரை ரகங்கள் உள்ளன. 'எது நல்ல விதை?' என்று கேட்பவரிடம், 'எந்த மாதத்துக்கு?' என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது.

அண்டை மாவட்டமான வேலூரின் இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. (1989 வரை நாமும் அவர்களும் ஒரே வட ஆற்காடு மாவட்டத்தார்தாம்!) தலைமுறைதோறும் நல்ல செடியைப் பார்த்துப் பழுக்கவிட்டு விதை எடுத்த உழவர்கள் இல்லையேல் அக்கத்தரி ஏது? செங்கம், போளூர், தண்டராம்பட்டு, கலசபாக்கம் எனப் பல ஊர்களிலிருந்து இங்கே படிக்க வருகிறோம். நம் வீட்டு அடுப்பங்கரையில் சாம்பல் கலந்து வைத்த கத்தரி விதையும், உறியில் தொங்கும் சுரைக்குடுவையும் எந்த ரகம் என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருப்போம்? வைத்த கைகள் ஓய்ந்துவிட்டால் கேட்பதற்கு ஆளிருக்காது. இப்படி விதையைச் சேமிக்கவும், மாற்றிக்கொள்ளவும், பெயரிட்டு விற்காதவரை பிறருக்குக் கொடுக்கவும் 2001ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டம் உழவருக்கு உரிமை வழங்குகிறது. சேமிக்க விதை இல்லாதபோது அவ்வுரிமையை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

எம் துறைப் பேராசிரியர்களிடம் ஒரு விண்ணப்பம். உலர் தாவரத் தொகுப்புக்கு ஆளுக்கு இத்தனை செடிகள் என்று கேட்கிறீர்கள். அதனுடன், வீட்டில் எடுத்த காய்கறி விதை ஒரு பிடி. ஊர், எடுத்த மாதம், வைத்திருந்தவர் கூறும் பெயர் ஆகியவற்றை எழுதிய காகித உறையில் வாங்குங்கள். ஈரச் சாக்கில் நூறு விதைகளைப் பரப்பி முளைத்ததை எண்ணுவதற்கு ஆய்வுக் கருவி எதுவும் தேவையில்லை. பூசணி, சுரை முதலியவற்றைத் தேனீக்கள் கலந்துவிடும் என்பதால் அவற்றில் தோட்டத்துக்கு ஒரு வகையே போதும். தக்காளிக்கு அக்கவலை குறைவு. ஆனி பிறந்ததும் உறைகளை வாங்கத் தொடங்கினால், ஆடி முதல் வாரத்துக்குள் முளைப்புச் சோதனையை முடித்துவிடலாம்.