செயின் கைடு வாங்குமுன்

புனே ஒரு காலத்தில் சைக்கிள் நகரம் என்றே பெயர் பெற்றிருந்தது. இன்று நம் குடும்பத்துப் பிள்ளைகள் மலைச் சைக்கிளில் வேதாள் டேக்டிக்கும் சிம்மகட்டுக்கும் செல்கின்றனர். "முன்னே ஒற்றைப் பல்சக்கரம், இறக்கத்தில் செயின் கழல்கிறது, கைடு வாங்கலாமா?" என்று பெற்றோர் சிலர் நம்மை வினவுகின்றனர். மிதிக்கும்போது செயின் கழன்றால் மிதி வெறுமையாகச் சுழன்று பிள்ளை விழ நேரும். ஆதலின் இவ்வினா சிறியதன்று.

பல சக்கர வண்டியில் முன் டிரெயிலரே செயினை ஓரளவு தடுத்து நிற்கும். ஒற்றைச் சக்கர வண்டியில் அஃது இல்லை. 2012இல் ஸ்ராம் நிறுவனம் தடித்த பல்லும் மெல்லிய பல்லும் மாறி மாறி அமைந்த சக்கரத்தை வெளியிட்டது. அதனோடு பின் டிரெயிலரில் கிளட்சும் இருப்பின் செயின் எளிதில் கழலாது. எனவே முதலில் பல் தேய்ந்துள்ளதா, செயின் நீளம் மிகுந்துள்ளதா என்று பாருங்கள். அவற்றைச் செம்மை செய்தாலே குறை தீரலாம்.

தீராவிடில், மிதி அச்சைச் சுற்றிச் சட்டத்தில் ஐ.எஸ்.சி.ஜி. 05 எனும் மூன்று துளைகள் உளவா என நோக்குங்கள். இல்லையேல் இருக்கைக் குழாயைப் பற்றும் வகையை நாடலாம். சக்கரத்தின் பல் எண்ணிக்கைக்கு அது பொருந்தவேண்டும். பொது ஓட்டத்துக்கு மேற்காப்பு போதும். பாறை இறக்கத்துக்கே கீழ்த்தகடு வேண்டும். பூட்டியபின் எல்லாக் கியரிலும் செயின் உரசாது ஓடுகிறதா என்று கடையிலேயே சோதியுங்கள்.

தலைக்கவசம் இன்றிக் கைடு மட்டும் வாங்குவது அறிவுடைமை ஆகாது.