நகக்கண்ணும் வகுப்பறைக் காற்றும்

எங்கள் பள்ளியில் திங்கட்கிழமைதோறும் காலை வழிபாடு முடிந்ததும் நகப் பரிசோதனை நடக்கும். கைகளை நீட்டியபடி வரிசையில் நிற்போம். நகக்கண்ணில் அழுக்கிருந்தால் விரல் கணுவில் மர அளவுகோலால் ஓர் அடி. சுத்தத்தை நிலைநாட்டிய நிறைவோடு ஆசிரியர் அளவுகோலை உள்ளே வைப்பார். நாங்கள் அறுபத்துச் சொச்சம் பேர் ஒரே அறைக்குள் போய், மூவர் அமரவேண்டிய பெஞ்சில் ஐவராக நெருக்கியடித்து உட்காருவோம். மழைநாட்களில் சன்னல்களையும் சாத்திவிடுவார்கள்.

அந்தப் பரிசோதனையில் ஒருமுறைகூட அடி வாங்காத பெண் ஒருத்தி எங்களோடு ஏழாம் வகுப்பில் படித்தாள். ஓர் ஐப்பசி மாதத்தில் அவளுக்குத் தொண்டை வலி வந்தது. வகுப்பில் பலருக்கும் வந்ததுதான். உப்புநீர் கொப்பளித்தாள், மிளகுப் பால் குடித்தாள், நான்கைந்து நாளில் சரியாகிவிட்டது. மூன்று வாரம் கழித்துக் காய்ச்சலும் முழங்கால் வீக்கமும் வந்தபோது அந்தத் தொண்டை வலி யாருடைய நினைவிலும் இல்லை. அரையாண்டுத் தேர்வுக்கு அவள் வரவில்லை. இதயத்தில் மிட்ரல் வால்வு பழுதாகிவிட்டதென்று பின்னர் தெரிந்தது. எட்டாம் வகுப்பு மாடியில் இருந்தது. படியேறினால் மூச்சு வாங்கியது. அத்தோடு அவள் படிப்பு நின்றது.

அவள் தொண்டைக்கு வந்தது 'ஏ' பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் பாக்டீரியா. 5 முதல் 15 வயதுவரையிலான பிள்ளைகள்தாம் அதற்கு உகந்த இடம். இருமலிலும் உரத்த பேச்சிலும் தெறிக்கும் எச்சில் துளிகளில் ஏறி அது பக்கத்துப் பிள்ளையின் தொண்டைக்குப் போகிறது. பெரும்பாலான பிள்ளைகள் அதிலிருந்து மீண்டுவிடுகிறார்கள். சிலருக்கு மட்டும், கிருமியை எதிர்க்க உடல் உண்டாக்கிய ஆற்றல், அடையாளம் பிசகிச் சொந்த இதயத்தையே தாக்கத் தொடங்குகிறது. இதுவே ருமாட்டிக் காய்ச்சல். இரண்டு மூன்று வாரம் தாழ்த்தி வருவதால், காரணத்தையும் விளைவையும் முடிச்சுப்போட்டுப் பார்க்க வீட்டில் எவருக்கும் தோன்றுவதில்லை.

இந்தக் கிருமி எப்படிப் பரவுகிறது என்ற கேள்விக்கு நேர்த்தியான விடைகளில் ஒன்று கிடைத்தது ஒரு படை முகாமில். 1950களில் அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்திலிருந்த வாரன் விமானப்படைத் தளத்தில், நோயுற்றவர்கள் போர்த்திய, கிருமி படிந்த கம்பளிகளைப் புதிதாக வந்த வீரர்களிடம் கொடுத்துப் பார்த்தார்கள். அவற்றால் நோய் தொற்றவில்லை. யாருக்குத் தொற்றியது என்று பார்த்தால், கிருமியுள்ளவரின் கட்டிலுக்கு அருகே படுத்தவர்களுக்குத்தான். கட்டில்களுக்கு இடையே இருந்த தூரமே கணக்கைத் தீர்மானித்தது.

பிள்ளைகளிடம் அப்படியா என்று கேட்கலாம். 2018, 2019 ஆண்டுகளில் லண்டன் பள்ளிகளில் இதே கிருமியால் செங்காய்ச்சல் பரவியபோது ஆராய்ந்தார்கள். நோயின் அறிகுறியே இல்லாத வகுப்புத் தோழர்கள் பலரின் தொண்டையில் அதே வகைக் கிருமி இருந்தது. கைபடும் இடங்களில் அது அரிதாகவே அகப்பட்டது. காற்றில் இறங்குவதைப் பிடிக்க உயரத்தில் வைத்த தட்டுகளிலோ வளர்ந்தது.

கைகழுவுவதை நான் பழிக்கவில்லை. வயிற்றுப்போக்கும் டைஃபாய்டும் கைவழியாகவும் வருபவை. அங்கே சோப்புக்கு நிகரில்லை. என் மறுப்பு வேறு. கிருமி என்றாலே அழுக்கு, அழுக்கு என்றாலே அந்தப் பிள்ளையின், அதன் தாயின் குற்றம் என்று ஆக்கிவிட்டோம். (அடி வாங்கியவர்கள் பெரும்பாலும் எந்தத் தெருவிலிருந்து வந்தார்கள் என்பதை இன்று நினைத்தால் கூசுகிறது.) நகத்தைப் பார்ப்பது எளிது, செலவில்லாதது. பெஞ்சுகளை விலக்கிப்போட இன்னோர் அறை வேண்டும், இன்னோர் ஆசிரியர் வேண்டும்.

பணக்கார நாடுகளில் ருமாட்டிக் காய்ச்சல் பென்சிலின் வருமுன்பே குறையத் தொடங்கிவிட்டது. வீடுகளில் நெரிசல் குறைந்தது அதற்கு ஒரு முக்கியக் காரணம். அதே செல்வச் செழிப்புள்ள நியூசிலாந்தில் மாவோரி, பசிபிக் தீவுப் பிள்ளைகளை மட்டும் அது விடவில்லை. 2011இல் தொடங்கிய திட்டத்தில் அங்கே பள்ளியிலேயே தொண்டைச் சளியைச் சோதித்தார்கள். சில ஆண்டுகளில் வீட்டு நெரிசலைக் குறைப்பதையும் அதோடு சேர்த்துக்கொண்டார்கள். நம்முடைய 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் ஆறு முதல் எட்டாம் வகுப்புவரை முப்பத்தைந்து பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்கிறது. பாடம் நடத்துவதை எண்ணி எழுதிய விதிதான். எனக்கு அது ஒரு சுகாதார விதியாகவும் படுகிறது.

மருந்தும் கையில் இருக்கிறது. தொண்டை வலி கண்ட ஒன்பது நாட்களுக்குள் பென்சிலின் கொடுத்தால் ருமாட்டிக் காய்ச்சலைப் பெரும்பாலும் தடுத்துவிடலாம். இத்தனை ஆண்டுகள் கழித்தும் இந்தக் கிருமி பென்சிலினுக்குப் பணிந்தே நடக்கிறது. ஆனால் ஏழாம் வகுப்புப் பிள்ளையின் தொண்டைக்குள் யாராவது விளக்கடித்துப் பார்க்கவேண்டுமே.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு திருமணத்தில் அவளைப் பார்த்தேன். மண்டபத்தின் கீழ்த்தளத்தில், பந்திக்கு மாடி ஏறாமல் உட்கார்ந்திருந்தாள். மூன்று வாரத்துக்கொருமுறை பென்சிலின் ஊசி இன்னும் தொடர்கிறதாம். வெளியூர்ப் பயணம், விசேஷம், விருந்தாளி வருகை எல்லாமே ஊசி நாளைப் பார்த்துத்தான் என்றாள். அவளுடைய அண்ணன் மகள் ஆறாம் வகுப்பு படிக்கிறாள். வகுப்பில் எத்தனை பேர் என்று அந்தப் பெண்ணைக் கேட்டேன். ஐம்பத்தெட்டு என்றாள்.