அந்த மினுமினுக்குற பேய்க் கதை

சென்ற மாதம் நண்பர்கள் ஐந்து பேர் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். முதன்முதலாக அழவைத்த நாவல் எது என்று பேச்சு வந்தது. ஒருவர் தஸ்தயேவ்ஸ்கி என்றார். இன்னொருவர் ‘அன்னா கரீனினா’. என் முறை வந்தபோது உண்மையைச் சொன்னேன்: “ட்வைலைட் வரிசையில் இரண்டாவது, ‘நியூ மூன்’.”

சிரித்தார்கள். “அந்த மினுமினுக்குற பேய்க் கதையா?” என்றார் தஸ்தயேவ்ஸ்கிக்காரர். படிச்சிருக்கீங்களா என்று கேட்டேன். “அதைப் போய் யாருங்க படிப்பா?”

அந்தச் சிரிப்போடு எனக்கு ஒரு பழைய கணக்கு இருக்கிறது.

முதலில் விட்டுக்கொடுக்க வேண்டியதை விட்டுக்கொடுத்துவிடுகிறேன். ஸ்டெஃபனி மேயர் 2005 முதல் 2008 வரை எழுதிய அந்த நான்கு நாவல்களும் மொழியில் சுமாரானவை. எட்வர்டின் முகம் பளிங்குச் சிலை மாதிரி இருக்கிறது என்பதை ஒருமுறை சொன்னால் போதும், மேயருக்குப் போதவில்லை. நல்ல எடிட்டர் கையில் கிடைத்திருந்தால் மூன்றில் ஒரு பங்கு போயிருக்கும். சரி. ஆனால் கதையின் மையத்தில் ஒரு வலுவான முடிச்சு இருக்கிறது. வாஷிங்டன் மாநிலத்தின் மழை ஊரான ஃபோர்க்ஸில் பதினேழு வயது பெல்லா. 1918 விஷக் காய்ச்சலில் சாகக் கிடந்து, பதினேழு வயதிலேயே நின்றுபோன ரத்தக் காட்டேரி எட்வர்ட். உலகத்தில் யாருடைய ரத்தத்தையும்விட அவளுடைய ரத்தம்தான் அவனை இழுக்கிறது. நேசிப்பதும் கொல்வதும் ஒரே பசியாக இருப்பவன் எப்படிப் பக்கத்தில் உட்காருவது? பதினேழு வயதில் இதைவிடப் பெரிய கேள்வி எனக்கு இருக்கவில்லை.

இரண்டாம் நாவலில் அவன் அவளை விட்டுப் போகிறான். அதற்குப் பிறகு வரும் பக்கங்களில் அக்டோபர், நவம்பர், டிசம்பர், ஜனவரி என்று மாதப் பெயர்கள் மட்டும்தான். வேறு ஒரு வார்த்தை கிடையாது. நான் படித்தது இன்ஜினியரிங் ஹாஸ்டலில், நடைபாதைக் கடையில் வாங்கிய திருட்டுப் பிரதியில். அச்சுப்பிழை என்றுதான் முதலில் நினைத்தேன். கடைக்காரரைத் திட்டிக்கொண்டே திருப்பிப் பார்த்தபோதுதான் உறைத்தது. அதுவரை எனக்குப் பெரிய இழப்பு எதுவும் வந்ததில்லை. இழந்தவர்களுக்கு மாதங்கள் இப்படித்தான் போகும் என்று அந்த வெற்றுப் பக்கங்கள் சொன்னபோது அழுதேன். இதற்கு நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்கப்போவதில்லை.

ரத்தக் காட்டேரிக் கதை என்றாலே மலிவு என்கிறவர்களுக்கு ஒன்று. 1872-ல் லெ ஃபானு எழுதிய ‘கார்மில்லா’விலேயே, ‘டிராகுலா’வுக்கு 25 ஆண்டுகள் முன்பே, காதலும் பசியும் பிரிக்கமுடியாமல் கலந்துவிட்டன. ஆன் ரைஸ் தன் சிறு மகளை ரத்தப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். 1976-ல் வந்த அவருடைய ‘இன்டர்வியூ வித் த வேம்பயர்’ நாவலில் சாகவும் முடியாமல் வளரவும் முடியாமல் ஒரு சிறுமி இருக்கிறாள். துக்கத்தைப் பேச இந்தப் பேய்களை வைத்துக்கொண்டவர்கள் விளையாட்டுக்கு எழுதவில்லை.

இப்போது என் கணக்குக்கு வருகிறேன்.

மூன்றாம் நாவல் ‘எக்லிப்ஸ்’. ஓநாயாக மாறக்கூடிய நண்பன் ஜேக்கப்பைப் பார்க்கப் பெல்லா போகக் கூடாது என்பதற்காக, எட்வர்ட் அவளுடைய டிரக் எஞ்சினிலிருந்து ஒரு பாகத்தைக் கழற்றிவிடுகிறான். அவளுக்கு ஆபத்தாம். கோபத்தில் அவள் ஜன்னலைச் சாத்துகிறாள். அவன் தினமும் வரும் ஜன்னல் அது. முதல் நாவலில், அவளுக்குத் தெரியாமலே இரவில் உள்ளே வந்து அவள் தூங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தவன் அவன். கொஞ்ச நேரத்தில் அவளே ஜன்னலைத் திறந்துவிடுகிறாள். நானும் பக்கத்தைத் திருப்பிவிட்டேன். ‘எவ்வளவு அக்கறை’ என்று தோன்றியது.

மூன்று வருஷம் கழித்து, முதல் வேலையில் இருந்தபோது, எனக்கும் அக்கறையான ஒருவன் கிடைத்தான். கேப் ஏறினதும் போன் பண்ணணும், கூட யார் யார் வர்றாங்கன்னு சொல்லணும். மெயில் பாஸ்வேர்ட் கேட்டான், கொடுத்தேன். எந்தப் பயனருக்கு எதைப் பார்க்க அனுமதி என்று பகலெல்லாம் கோடு எழுதுகிறவள் நான்! அது அன்பு இல்லை என்று புரிய எட்டு மாதம் ஆனது.

புத்தகம் என்னைக் கெடுத்துவிட்டது என்று சொல்ல வரவில்லை. அவன் ட்வைலைட் படித்தவனே இல்லை. பின்னாலேயே சுற்றுவதைக் காதல் என்று காட்டும் நம்மூர்ப் படங்களே அவனுக்குப் போதுமானதாக இருந்தன. என் கோபம் வேறு. அந்த டிரக்கைப் பற்றி என்னிடம் ஒருவர்கூடக் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டியவர்கள் எல்லாம் சிரித்துக்கொண்டிருந்தார்கள். சீனியர்களின் கிண்டலுக்குப் பயந்து நாங்கள் செய்தித்தாள் அட்டை போட்டுப் படித்தோம். ஒளித்து வைத்துப் படிக்கிற புத்தகத்தோடு சண்டை போட ஆள் கிடைக்காது. ‘வுதரிங் ஹைட்ஸ்’ஸின் ஹீத்கிளிஃப் காதலியின் கல்லறையையே தோண்டுகிறான்; அதைப் பற்றி இரண்டு மணிநேரம் பேச நமக்கு ஆள் உண்டு. பெல்லா விரும்பிப் படிக்கும் நாவலும் அதுதான். எமிலி பிராண்டியும் மேயரும் ஒரே தரம் என்று நான் சொல்லமாட்டேன். கேள்வி ஒன்றுதான்: இவ்வளவு தீவிரமாக நேசிக்கப்படுவதற்கு என்ன விலை?

இதில் ரசிகைகளுக்கும் பங்கு உண்டு. “சும்மா டைம்பாஸ்” என்று நாமே சொல்லித் தப்பித்தோம். டைம்பாஸுக்குப் படிக்கிற யாரும் ராத்திரி மூணு மணிக்குத் தலையணையைக் கடித்துக்கொண்டு அழமாட்டார்கள்.

போன வாரம் அக்கா வீட்டுக்குப் போனபோது, பத்தாவது படிக்கும் அவள் மகள் என்னைப் பார்த்ததும் எதையோ தலையணைக்கு அடியில் தள்ளினாள். எடுத்துப் பார்த்தேன். ‘எக்லிப்ஸ்’.

“சித்தி, அம்மாகிட்ட சொல்லாதீங்க.”

“சொல்லல. அந்த டிரக் வர்ற இடம் வந்ததும் எனக்கு மெசேஜ் பண்ணு.”

நேற்று இரவு வந்தது: “அவன் ஏன் சித்தி வண்டியைக் கழட்டுறான்?” போனில் தட்டி அனுப்புகிற பதில் இல்லை அது. ஞாயிற்றுக்கிழமை நேரில் போகிறேன்.