விதி மீறப்படவில்லை!

சில மாதங்களுக்கு முன் நூல் வெளியீட்டு விழாவொன்றுக்குப் போயிருந்தேன். தேநீர் வேளையில் பேச்சு வழக்கம்போல டெண்டர், கொந்தராத்து, கொமிஷன் என்று திரும்பியது. ஓய்வுபெற்ற அதிபரும் மூத்த சிறுகதையாளருமான ஒருவர் பெருமூச்சோடு சொன்னார்: "என்ன இருந்தாலும் வெள்ளைக்காரன் வெள்ளைக்காரன்தான் மாஸ்டர். இங்கிலாந்தில இப்படி நடக்குமா?" சுற்றியிருந்தவர்கள் தலையாட்டினார்கள். நானும் பிளேன்ரீயைக் குடித்துக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டேன். வயதில் மூத்தவர், பத்துப்பேர் முன்னிலையில் மறுத்துப் பேச மனம் வரவில்லை. அன்று பேசாததை இன்று எழுதுகிறேன்.

நடக்கிறது, சேர். நடந்த பிறகு விசாரணையும் வைக்கிறார்கள். விசாரித்துவிட்டு, விதி எதுவும் மீறப்படவில்லை என்று அறிக்கையும் எழுதிக் கொடுக்கிறார்கள். எனது சண்டை அந்தக் கடைசி வசனத்தோடுதான்.

டேவிட் கமரூனின் கதையை எடுத்துக்கொள்வோம். 2010ஆம் ஆண்டு பெப்ரவரியில், பிரதமராவதற்குச் சில மாதங்கள் முன், அடுத்து வெடிக்கப்போகும் பெரிய ஊழல் லொபிக்காரர்களால்தான் வரும் என்று மேடையில் எச்சரித்தவர் அவர். அவர் பிரதமரானதும் லெக்ஸ் கிறீன்சில் என்ற அவுஸ்திரேலிய நிதிவணிகர் பிரதமர் அலுவலகத்துக்குள் ஆலோசகராக நுழைந்தார். அவருடைய வித்தை ஒன்றும் புதியதல்ல. பொருள் வழங்கியவர் தமது பணத்துக்குக் காத்திருக்கத் தேவையில்லை. இடையில் ஒருவர் முன்கூட்டியே கொடுத்து ஒரு பங்கைக் கழித்துக்கொள்வார், முழுத்தொகையைப் பின்னர் வாங்கிக்கொள்வார். எமது கடைத்தெருவில் திகதி பிந்திய காசோலையை மாற்றிக் கொடுப்பவர் செய்வதுதான். 2012இல் மருந்தகங்களுக்கான கொடுப்பனவில் இத்திட்டம் அரசாங்கத்துக்குள்ளேயே இடம்பிடித்தது. 2017இல் கிறீன்சிலுக்கு அரச விருதும் கிடைத்தது.

கமரூன் பதவி விலகியது 2016 ஜூலையில். முன்னாள் அமைச்சர்கள் இரண்டு வருடங்களுக்கு அரசாங்கத்திடம் லொபி செய்யக்கூடாது என்பது விதி. அவர் கிறீன்சிலின் கம்பனியில் சேர்ந்தது 2018இல், அந்த இரண்டு வருடம் கழிந்த கையோடு. சம்பளமும் இருந்தது, பங்குரிமையும் இருந்தது. 2020இல் கொவிட் வந்தது. அரசின் அவசரக் கடன் திட்டத்துக்குள் தமது கம்பனியையும் சேர்க்கச் சொல்லி நிதியமைச்சர் ரிஷி சுனக்கின் கைத்தொலைபேசிக்குக் குறுஞ்செய்தி அனுப்பினார். மற்ற அமைச்சர்களுக்கும் உயர் உத்தியோகத்தர்களுக்கும் டசின் கணக்கில் அனுப்பினார். தமது உத்தியோகத்தர்களை இதுபற்றிப் பார்க்கும்படி வற்புறுத்தியதாக சுனக் பதிலும் போட்டிருந்தார். கடைசியில் அந்தத் திட்டத்தில் இடம் கிடைக்கவில்லை என்பது உண்மை. ஆனால் வேறொரு அரச உத்தரவாதக் கடன் திட்டத்தில் கடன் வழங்குநராக அக்கம்பனி அங்கீகாரம் பெற்றது. 2021 மார்ச்சில் கம்பனி கவிழ்ந்தது. பிறேமனிலிருந்த அதன் வங்கியில் வைப்பிலிட்டிருந்த ஜெர்மன் நகரசபைகளும் சேர்ந்து விழுந்தன.

எங்கள் ஊரில் இடமாற்றத்துக்கு எம்.பி.யிடம் கடிதம் வாங்கப் போகிறவன் காலையிலிருந்து வாசலில் நிற்கவேண்டும். அங்கே ஒரு குறுஞ்செய்தி போதும். நமக்கும் அவர்களுக்கும் இவ்விடயத்தில் உள்ள வித்தியாசம் இவ்வளவுதானோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

இனி விசாரணைக்கு வருவோம். லொபிக்காரர்களைப் பதிவு செய்வதற்கென 2014இல் ஒரு சட்டம் வந்தது. கொண்டுவந்தது கமரூனின் அரசாங்கமே. அச்சட்டப்படி, பிறருக்காகக் கூலிக்கு லொபி செய்யும் ஆலோசகர்தான் பதிய வேண்டும். ஒரு கம்பனியின் சொந்த ஊழியர் அதே கம்பனிக்காக அமைச்சரிடம் போனால் பதியத் தேவையில்லை. எனவே 2021இல் பதிவாளர் ஆராய்ந்து பார்த்து, கமரூன் கிறீன்சிலின் ஊழியர், ஆகவே குற்றமில்லை என்றார். தான் போட்ட வேலியில் தானே விட்ட கடவையால் மனிதர் நடந்து போயிருக்கிறார். அதே சட்டத்தின் மற்றொரு பாகம் தேர்தல் காலத்தில் தர்ம ஸ்தாபனங்களும் பொது அமைப்புகளும் பேசுவதற்குக் கட்டுப்பாடு விதித்தது. அதற்கு அங்குள்ளவர்கள் 'வாய்ப்பூட்டுச் சட்டம்' என்றே பெயர் வைத்தார்கள். லொபியின் பெயரால் வந்த பூட்டு யார் வாயில் விழுந்தது என்று பாருங்கள்.

அரசாங்கம் நியமித்த விசாரணையாளர் நைஜல் போர்ட்மன் என்ற சட்டத்தரணி. கன்சர்வேட்டிவ் கட்சியின் முன்னாள் அமைச்சர் ஒருவரின் மகன். கமரூன் விதிகளை மீறவில்லை என்று 2021 ஜூலையில் அவரும் அறிக்கையிட்டார். பாராளுமன்றத்தின் திறைசேரிக் குழு கமரூனின் நிதானம் பிழைத்துவிட்டது என்று கடிந்துகொண்டது. அதற்கும் விதி மீறல் எதுவும் அகப்படவில்லை.

இதைவிட என்னைச் சிரிக்க வைத்தது பில் குறோதர்ஸின் விவகாரம். அரசாங்கத்தின் கொள்முதல்களுக்கெல்லாம் தலைவராக இருந்தவர். 2015 செப்டெம்பரில், அரச உத்தியோகத்தில் இருக்கும்போதே, கிறீன்சிலின் பகுதிநேர ஆலோசகரானார். அனுமதியும் பெற்றிருந்தார். நவம்பரில் அரச சேவையை விட்டார். ஓய்வுபெறுவோரின் புதிய வேலைகளைப் பரிசீலிக்க ஆலோசனைக்குழு ஒன்று இருந்தது. ஆனால் உத்தியோகத்தில் இருக்கும்போதே சேர்ந்துவிட்ட வேலை 'புதிய வேலை' அல்லவே! அக்குழுவின் அனுமதி தேவைப்படவில்லை. தண்டிக்கும் அதிகாரம் எதுவுமில்லாமல் ஆலோசனை மட்டும் சொல்லிக்கொண்டிருந்த அந்தக் குழு 2025 ஒக்டோபரில் மூடப்பட்டு, அதன் வேலைகள் வேறு அமைப்புகளுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டன.

கொவிட் காலத்துப் பாதுகாப்பு அங்கிக் கொள்வனவும் இப்படித்தான். அமைச்சர்கள், எம்.பி.க்கள், உத்தியோகத்தர்கள் சிபாரிசு செய்த கம்பனிகளுக்குத் தனிப்பாதை திறந்தார்கள். அப்பாதையால் வந்தவர்களில் பத்துக்கு ஒருவருக்கு ஒப்பந்தம் கிடைத்தது; பொதுப்பாதையில் நின்றவர்களில் நூற்றுக்கு ஒருவருக்குக்கூட இல்லை. இது அவர்களுடைய கணக்காய்வு அலுவலகம் 2020 நவம்பரில் சொன்ன கணக்கு. தனிப்பாதை சட்டவிரோதமென்று 2022 ஜனவரியில் மேல் நீதிமன்றம் தீர்த்தது. மேலவை உறுப்பினர் மிஷெல் மோன் சிபாரிசு செய்த பிபிஈ மெட்புரோ கம்பனி, வழங்கிய அங்கிகளுக்காக ஏறத்தாழ 122 மில்லியன் பவுண் செலுத்த வேண்டுமென்று 2025 ஒக்டோபரில் தீர்ப்பாயிற்று.

நண்பர் கேட்பார்: கணக்காய்வும் நீதிமன்றமும் வேலை செய்திருக்கின்றனவே, குறுஞ்செய்திகளைக்கூட வெளியே எடுத்துவிட்டார்களே என்று. சரிதான், அதை நான் மறுக்கவில்லை. அந்தப் பத்திரிகைக்காரர்கள் மீது எனக்குப் பொறாமையே உண்டு. தகவலறியும் சட்டம் 2016 முதல் எமக்கும் இருக்கிறது. நம்மில் எத்தனைபேர் ஒரு விண்ணப்பமாவது போட்டோம்? ஆனால் வெளியே எடுத்தபின் என்ன நடந்தது? 2023 நவம்பரில் கமரூன் பிரபுவாக்கப்பட்டு, வெளிநாட்டமைச்சராகத் திரும்பி வந்தார்.

அதற்கு இரண்டு மாதம் முன்புவரை அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்பது எமது வாசகர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். 2023 செப்டெம்பரில் அபுதாபியிலும் துபாயிலும் நடந்த கூட்டங்களில் முதலீட்டாளர்களை அழைத்துக்கொண்டிருந்தார். எதற்கு? சீனக் கம்பனி கடலை நிரப்பிக் கட்டும் எமது கொழும்புத் துறைமுக நகருக்கு! பேச்சாளர்களை ஒழுங்குசெய்யும் நிறுவனமொன்றின் மூலமாகவே அது நடந்தது, சீன அரசோடோ சீனக் கம்பனியோடோ தொடர்பில்லை என்று அவர் தரப்பு விளக்கமளித்தது. இங்கும் விதி மீறப்படவில்லை.

இந்தப் பழக்கம் கமரூனோடு தொடங்கியதல்ல. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உரித்தை நிரூபிக்க முடியாத காணியெல்லாம் முடிக்குரியது என்றது. ஏக்கர் ஐந்து சிலிங்குக்கு மலைக்காணி விற்பனையாயிற்று. வாங்கியவர்கள் யார்? தேசாதிபதி, சபை உறுப்பினர்கள், நீதிபதிகள், இராணுவத்தார், பாதிரிமார், சிவில் உத்தியோகத்தரில் பாதிப்பேர். இது நான் சொல்வதல்ல. குடியேற்றநாட்டுச் செயலாளராக இங்கே இருந்த எமர்சன் டெனன்ட் 1859இல் வெளிவந்த தமது நூலில் தந்த பட்டியல். சட்டம் இயற்றியவரும், அதன்படி விற்றவரும், கோப்பிக்காக வாங்கியவரும் ஒரே மேசையைச் சுற்றி இருந்தவர்கள். உத்தியோகத்தர் தோட்டம் செய்யக்கூடாதென்று லண்டன் பின்னர் தடை போட்டது. அதற்குள் காணிகள் கைமாறியிருந்தன. அந்தச் சட்டமோ அதன்பிறகும் புத்தகத்திலேயே இருந்தது.

அன்று தேநீர்க் கோப்பையோடு என்னிடம் கேட்ட அதிபர் முப்பது வருடம் படிப்பித்தது வரலாறு.