மரத்துக்கு எவ்வளவு?

டவுனில் கிளை வெட்ட ஸ்கை லிஃப்ட் லாரி வந்தால் போதும், நாலு பேராவது ஆபீசுக்கு லேட்! பொத்தானை அழுத்தினால் ஆள் மேலே போகிறார். நம் பிரமோஷனும் இப்படி வந்தால் எவ்வளவு சுகம்!

திண்டுக்கல்லைத் தாண்டி அய்யம்பாளையம் தென்னந்தோப்பில் இந்தப் பாச்சா பலிக்காது. மரத்துக்கு மரம் 25 அடி. என் பி.காம். கணக்குப்படி ஏக்கருக்கு 70 மரம். நடுவே வரப்பு, வாய்க்கால், ஈர மண். லாரி இறங்கினால், அதைத் தூக்க இன்னொரு லாரி வேண்டும்.

சரி, கேரளத்து செம்பேரி ஜோசப் கண்டுபிடித்த மிதி மெஷின்? மாடிப்படி மாதிரி மிதித்து ஏறலாம். தென்னை வளர்ச்சி வாரியம் 2011-லிருந்து இளைஞர்களுக்கு மெஷினில் ஏறப் பயிற்சி கொடுத்தது.

''புதுசா வர்றவனுக்கு நல்லது சார். மரத்துக்கு மரம் அதை மாட்டிக் கழட்டுறதுக்குள்ள நான் ரெண்டு மரம் ஏறி எறங்கிருவேன்'' என்றார் மரமேறும் அண்ணன்.

''இடுப்புக்கு பெல்ட்டாவது போடலாமேண்ணே?''

''அதுக்கும் நேரமாகும்ல? கூலி மரத்துக்குத்தானே சார்!''

விஷயம் அங்கேதான் இருக்கிறது. பெல்ட் மாட்டும் ரெண்டு நிமிஷத்துக்குச் சம்பளம் இல்லை. லாரியா, மெஷினா, கயிறா என்ற பட்டிமன்றமெல்லாம் அப்புறம். தோப்புக்காரர்களே, மரத்துக்குக் கொஞ்சம் கூட்டிக் கொடுங்கள். பெல்ட் தானாக இடுப்பில் ஏறும். வாரியத்தின் 'கேரா சுரக்ஷா' விபத்துக் காப்பீட்டையும் அவருக்கு எடுத்துக் கொடுங்கள்.

நமக்கு நாற்காலியிலிருந்து விழுந்தாலே மெடிக்கல் லீவு. அவர் விழுவது அறுபது அடியிலிருந்து, சார்!