உறுமாத டிரான்ஸ்ஃபார்மர்

தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் அருகே நின்றால் ‘ம்ம்ம்…’ என்று ஓர் உறுமல் கேட்கும். உள்ளே ஏதோ சுற்றுகிறது என்று நினைப்பவர்கள் உண்டு. சுற்றுவது எதுவுமில்லை, காயிலுக்கு நடுவே இருக்கும் இரும்புதான் முனகுகிறது. நமக்கு வரும் மின்சாரம் விநாடிக்கு 50 சுற்று அலையடிக்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் இரும்பு இரண்டு முறை காந்தமாகிறது. காந்தமாகும்போது துளியிலும் துளி நீளும், பிறகு சுருங்கும். விநாடிக்கு 100 தடவை நடக்கும் இந்த அதிர்வுதான் அந்தச் சத்தம்.

இப்படிச் சட்டென்று காந்தமாகி, சட்டென்று அதை விட்டுவிடும் உலோகத்துக்கு மென்காந்தம் என்று பெயர். ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டும் பொம்மையின் காந்தம் இதற்கு நேரெதிர், பிடித்தால் விடாது. டிரான்ஸ்ஃபார்மரில் இருப்பது பெரும்பாலும் 3 சதவீத அளவில் சிலிக்கான் கலந்த இரும்பு.

சிலிக்கானை 6.5 சதவீதமாக்கினால் அந்த நீளல் ஏறக்குறைய நின்றேபோகும். சூடாக வீணாகும் மின்சாரமும் குறையும். தெரிந்து என்ன பயன்? அந்த இரும்பு அப்பளம் மாதிரி; உருளையில் கொடுத்துத் தகடாக்கப்போனால் நொறுங்கிவிடும். ஜப்பானில் 3 சதவீதத் தகட்டைச் செய்துகொண்டு, கடும் சூட்டில் வாயு வழியாகக் கூடுதல் சிலிக்கானை ஏற்றுகிறார்கள். செலவு பிடிக்கும் வேலை.

3டி பிரின்டிங்கில் உருட்டவே வேண்டாம். உலோகத் தூளை மெல்லிய படலமாகப் பரப்பி, வேண்டிய இடத்தை மட்டும் லேசரால் உருக்கி, மேலே அடுத்த படலம் என்று பொருளை வளர்த்துவிடலாம். சூடும் குளிர்ச்சியும் மாறி மாறித் தாக்குவதால் விரிசல் விடாமல் பார்த்துக்கொள்வதே பெரும்பாடு.

அதைவிடப் பெரிய வில்லங்கம் ஒன்று உண்டு. மோட்டார் வைண்டிங் கடையில் கோரைக் கவனித்தவர்களுக்குத் தெரியும், அது ஒரே கட்டி அல்ல. மெல்லிய தகடுகளின் அடுக்கு. இடையிடையே மின்சாரம் கடக்காத பூச்சு. கட்டியாக இருந்தால் இரும்புக்குள்ளேயே சுழல் மின்னோட்டம் கிளம்பிச் சூடேற்றும். பிரின்டரிலிருந்து வருவதோ ஒரே கட்டி!

அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வக விஞ்ஞானிகள் இதற்கு ஒரு வழி கண்டார்கள். டிரான்ஸ்ஃபார்மர் கோரை அச்சிடும்போதே உள்ளே நூல் நூலாக இடைவெளி விட்டார்கள். குறுக்கே வெட்டிப் பார்த்தால் சிக்குக் கோலம் போல இருக்கும். சுழல் மின்னோட்டம் ஓட இடமில்லை. ஆனால், இடைவெளியில் இரும்பும் இல்லை. காந்தத்தைச் சுமக்கும் திறன் அந்த அளவுக்குக் குறைகிறது. அச்சிட்ட பிறகு உலையில் வைத்துப் பதப்படுத்தவும் வேண்டும்.

தகடு வெட்டும் மெஷினின் வேகத்துக்கும் விலைக்கும் பிரின்டர் இன்னும் பக்கத்தில்கூட வரவில்லை. தகடுகளை அடுக்கிச் செய்யமுடியாத விசித்திர வடிவ மோட்டார்களுக்குத்தான் இது முதலில் கைகொடுக்கும். தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் இப்போதைக்கு உறுமிக்கொண்டுதான் இருக்கும்.