சங்கிலியில் எழுதுவது சாட்சி, பதிவுதான் உறுதி

மருதமுனையில் தறி வைத்திருப்போர் மத்தியில் அண்மைக்காலமாக ஒரு புதுப் பேச்சு அடிபடுகின்றது. உங்கள் சாறன், சாரி டிசைன்களைப் படமெடுத்துத் தாருங்கள், நாங்கள் அவற்றை ‘பிளொக்செயினில்’ பதிந்து தருகின்றோம், அதன் பிறகு உலகத்தில் எவனும் அதைக் கொப்பியடிக்க முடியாது என்று சொல்லிக்கொண்டு சிலர் வருகின்றார்கள். டிசைன் ஒன்றுக்கு இவ்வளவு என்று கட்டணமும் பேசுகின்றார்கள். எனக்குத் துணி தரும் நெசவாளிகள் இருவர், இதற்குக் காசு கொடுக்கலாமா நானா என்று கேட்டதனால் இவ்வாரம் இந்த விடயத்தை எடுத்துக்கொண்டேன்.

அவர்கள் கேட்டதில் பிழையில்லை. கொப்பியடிப்பு என்பது எமதூர் நெசவுக்கு இன்று நூல் விலை, சாய விலை போன்றே ஒரு பாரமாகிவிட்டது. 2004 டிசம்பர் 26 இல் கடல் வந்து கரையோரத்தை அள்ளிக்கொண்டு போனபோது தறிகளும் போயின. அதிலிருந்து எழும்பி மறுபடியும் பாவு ஓட்டியவர்கள் இவர்கள். இப்போது நடப்பது என்ன? ஒரு குடும்பம் வாரக்கணக்கில் கட்டத்தாளில் கீறி, நூல் எண்ணி, நிறம் மாற்றிப் பார்த்து ஒரு சாரிக் கரையை உருவாக்குகின்றது. நோன்புப் பெருநாளுக்கு முன்னர் படமெடுத்து வட்ஸ்அப் குழுவிலும் பேஸ்புக்கிலும் போடுகின்றார்கள். ஹஜ்ஜுப் பெருநாள் வருவதற்குள் அதே கரை, நெய்ததாக அல்ல, மலிவுத் துணியில் அச்சடித்ததாக, பாதி விலைக்கும் குறைவாகச் சந்தைக்கு வந்து விடுகின்றது. அதை விற்பவர்களில் எமது ஆட்களும் இருக்கின்றார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஆகவே பாதுகாப்புத் தருகின்றோம் என்று யார் வந்தாலும் நெசவாளி காது கொடுப்பான். ஆனால் விற்கப்படும் சரக்கு எது என்று பார்த்து வாங்க வேண்டாமா?

பிளொக்செயின் என்பதை வியாபாரிகளாகிய நாம் விளங்கிக்கொள்வது அவ்வளவு கஷ்டமல்ல. கடையில் கடன் கொப்பி ஒன்று இருக்கின்றது. அது ஒரே கொப்பி. முதலாளி நினைத்தால் ஒரு தாளைக் கிழிக்கலாம், ஓர் இலக்கத்தைத் திருத்தலாம். பிளொக்செயினில் அதே கொப்பியின் பிரதிகள் ஏராளமானோரின் கணினிகளில் இருக்கும். ஒரு பக்கம் முடிந்ததும் அந்தப் பக்கத்தில் எழுதியவற்றிலிருந்து கணக்கிட்ட ஒரு முத்திரை இலக்கம் அடுத்த பக்கத்தில் குறிக்கப்படும். பழைய பக்கத்தில் ஒரு புள்ளியை மாற்றினாலும் அதற்குப் பின்னால் வரும் எல்லாப் பக்கங்களின் முத்திரையும் பிழைத்துவிடும், மற்றவர்களின் கொப்பியோடு ஒத்துவராது. பக்கங்களின் இந்தத் தொடர்புதான் சங்கிலி.

டிசைன் படத்தை இதில் ‘பதிகின்றோம்’ என்கின்றபோது அநேகமாகப் படத்தை அதில் வைப்பதில்லை. படத்திலிருந்து பெறப்பட்ட கைரேகை போன்ற ஒரு குறியீட்டை, வழமையாக 64 எழுத்தும் இலக்கமும் கலந்த ஒரு வரியை, திகதி நேரத்தோடு எழுதி வைக்கின்றார்கள். படத்தில் ஓர் இழையின் நிறத்தை மாற்றினால் முற்றிலும் வேறு வரி வரும். இதனால் ஒரு விடயம் உறுதியாகின்றது. இந்தப் படம் இன்ன திகதியில் ஏற்கனவே இருந்தது என்பதுதான் அது. அதை யார் நெய்தார், யார் கீறினார் என்பது அந்தச் சங்கிலிக்குத் தெரியாது. மற்றவன் அச்சடிப்பதைத் தடுக்கும் கையும் அதற்கு இல்லை.

கல்முனைப் பக்கத்தில் காணி வாங்கி விற்றவர்களுக்கு இது உடனே புரியும். இந்தக் காணியில் இன்னார் இருந்ததை நான் கண்டேன் என்று பக்கத்து வளவுக்காரர் சொல்வது வேறு, நொத்தாரிசு முன் எழுதிக் காணிப் பதிவகத்தில் பதிந்த உறுதி வேறு. முன்னையது சாட்சி. நல்ல சாட்சியாகவும் இருக்கலாம். ஆனால் சாட்சியைக் காட்டி யாரும் காணி விற்பதில்லை.

இன்னொரு பக்கமும் இருக்கின்றது. உங்கள் படத்தை உங்களுக்கு முன்னரே ஒரு திருடன் கொண்டுபோய்ச் சங்கிலியில் எழுதினால், சங்கிலியின் கணக்கில் அவனே முந்தியவன். இது கற்பனையல்ல. ‘என்.எப்.டி.’ எனப்படும் எண்மச் சான்றுகளை விற்கும் பெரிய சந்தையான ஓப்பன்சீ, தமது இலவசக் கருவி மூலம் உருவாக்கப்பட்டவற்றில் 80 வீதத்துக்கும் மேற்பட்டவை திருடப்பட்ட படைப்புகளும் போலித் தொகுப்புகளும் குப்பைகளும் என்று 2022 ஜனவரியில் தானே ஒப்புக்கொண்டது. எழுதப்பட்டது அழியாது என்பது உண்மை. பொய்யை எழுதினால் அந்தப் பொய்யும் அழியாது.

என்.எப்.டி. என்றதும் நம்மவர்களுக்கு ஞாபகம் வருவது அந்தப் பெரிய ஏலம்தான். 2021 மார்ச்சில் கிறிஸ்டீஸ் நிறுவனம் பீப்பிள் என்ற அமெரிக்கக் கலைஞரின் எண்மப் படம் ஒன்றை 69.3 மில்லியன் டொலருக்கு விற்றது. வாங்கியவர் தமிழ்நாட்டைப் பிறப்பிடமாகக் கொண்ட, சிங்கப்பூரில் தொழில் செய்யும் விக்னேஷ் சுந்தரேசன். தமிழர் ஒருவர் வாங்கினார் என்று பத்திரிகைகள் மகிழ்ந்தன. ஆனால் அவ்வளவு பணம் கொடுத்தும் அந்தப் படத்தின் பதிப்புரிமை அவருக்குக் கைமாறவில்லை, அது கலைஞரிடமே இருந்தது. சங்கிலியில் பெயர் ஏறுவதும் சட்டத்தில் உரிமை ஏறுவதும் இரண்டு வேறு விடயங்கள் என்பதற்கு இதைவிடப் பெறுமதியான உதாரணம் கிடைக்காது!

அதற்கு நேர்மாறான ஒரு வழக்கு 2023 பெப்ரவரியில் நியூயோர்க்கில் முடிந்தது. ஹெர்மெஸ் என்ற பிரான்ஸ் நாட்டுக் கம்பனியின் ‘பேர்க்கின்’ கைப்பையைப் போல எண்மப் படங்கள் செய்து, ‘மெட்டாபேர்க்கின்’ என்ற பெயரில் ஒருவர் சங்கிலி மூலம் விற்றார். ஜூரிகள் ஹெர்மெஸ் பக்கம் தீர்ப்பளித்து 133,000 டொலர் நட்டஈடு விதித்தார்கள். அந்தக் கம்பனியைக் காப்பாற்றியது எந்தப் புதுத் தொழில்நுட்பமும் அல்ல, பழைய முறையில் பதிந்து வைத்திருந்த வியாபாரக் குறி.

இவ்வளவும் ஏன், பிளொக்செயினுக்கு வழிகாட்டிய கட்டுரையின் கதையையே பாருங்கள். 2008 ஒக்டோபர் 31 இல் சதோஷி நகமோட்டோ என்ற புனைபெயரில் பிட்கொயின் பற்றிய கட்டுரை வெளிவந்தது. நானே அந்தச் சதோஷி என்று உரிமை கோரிய கிரெய்க் ரைட் என்ற அவுஸ்திரேலியர் 2019 இல் அமெரிக்காவில் அக்கட்டுரைக்குப் பதிப்புரிமைப் பதிவும் எடுத்தார். 2024 மார்ச்சில் இங்கிலாந்து மேல் நீதிமன்றம், அவர் சதோஷி அல்லர், அக்கட்டுரையின் ஆசிரியரும் அல்லர் என்று தீர்த்தது. யாருடையது என்ற கேள்விக்கு விடை காண, கடைசியில் ஒரு நீதிபதி பத்திரங்களையும் சாட்சிகளையும் உட்கார்ந்து பார்க்க வேண்டியிருந்தது.

சரி, எமது நாட்டில் நெசவாளிக்கு என்ன வழி இருக்கின்றது? 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இருக்கின்றது. சாரிக் கரை போன்ற ஒரு புதிய அலங்கார அமைப்பை அதன் கீழ் ‘கைத்தொழில் வடிவமைப்பு’ ஆகப் பதியலாம். பதிந்தால் முதலில் 5 வருடம், பின்னர் இரு தடவை புதுப்பித்து மொத்தம் 15 வருடம் வரை பாதுகாப்புண்டு. ஆனால் ஒரு கடுமையான நிபந்தனை இருக்கின்றது. விண்ணப்பிக்கும் நாளில் அந்த டிசைன் புதியதாக இருக்க வேண்டும், அதற்கு முன் பொதுமக்கள் பார்வைக்கு வந்திருக்கக் கூடாது. விதிவிலக்குகள் மிகச் சில.

நமது நெசவாளிகள் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான். ஊரெல்லாம் பார்க்கும்படி பேஸ்புக்கில் படம் போட்ட பிறகு பதிவு பற்றி யோசிக்கின்றார்கள். பிளொக்செயின்காரர்களிடம் கொடுக்கும் படமும் ஒரு விற்பனைத் தளத்தில் எல்லோரும் பார்க்கக்கூடியதாக ஏற்றப்பட்டால், பாதுகாக்கப் போய்ப் புதுமையை இழந்த கதைதான். கைரேகை வரி மாத்திரம் எழுதப்பட்டுப் படம் உங்களிடமே இருந்தால் அந்த ஆபத்தில்லை. அவர்களிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது. எத்தனை பேர் கேட்கின்றார்கள்?

பிளொக்செயின் முழுக்கப் பிரயோசனமற்றது என்று நான் சொல்லவில்லை. பதிப்புரிமைக்கு எமது சட்டத்தில் பதிவு தேவையில்லை, படைத்தவுடனேயே உரிமை பிறந்துவிடும். கையால் செய்த பயன்பாட்டுக் கலைப் படைப்புக்கும் அதில் இடமுண்டு, அதற்கான காலம் செய்த நாளிலிருந்து 25 வருடம். பதிவேடு இல்லாதபடியால் வழக்கென்று வந்தால் எப்போது செய்தாய் என்ற கேள்வி வரும். அந்த இடத்தில் திகதியிட்ட, மாற்ற முடியாத ஒரு பதிவு நல்ல துணை. சீனாவின் ஹாங்சூ இணைய நீதிமன்றம் 2018 இலேயே ஒரு பதிப்புரிமை வழக்கில் பிளொக்செயின் சான்றை ஏற்றுக்கொண்டது. எமது நாட்டிலும் மின்னணுப் பதிவுகளைச் சாட்சியமாக முன்வைக்க 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம் வழி திறந்திருக்கின்றது. எனவே சாட்சியின் விலைக்குக் கிடைத்தால் வாங்கலாம். உறுதியின் விலைக்கு வாங்க வேண்டாம் என்பதே எனது அபிப்பிராயம். அத்தோடு, பதிவுக் கட்டணத்தை மெய்நிகர் நாணயத்தில் கட்டுங்கள் என்று கேட்டால் அந்த இடத்திலேயே பேச்சை நிறுத்திக்கொள்ளுங்கள். இவ்வகை நாணயங்களின் ஆபத்து குறித்து மத்திய வங்கி 2018 முதல் பல தடவைகள் பொதுமக்களை எச்சரித்து வந்திருக்கின்றது.

இதனைப் பேசும்போது சில சகோதரர்கள், டிசைன் என்பது அல்லாஹ் கொடுத்த அறிவு, அதற்குப் போய் உரிமை கோரலாமா, பார்த்துச் செய்வது எப்படிக் குற்றமாகும் என்று கேட்பதுண்டு. அச்சடித்த துணியை விற்கும் கடையில்தான் இந்தக் கேள்வி கூடுதலாகக் கேட்கும் என்பது வேறு விடயம். 1988 டிசம்பரில் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அக்கடமி இதற்குத் தெளிவான தீர்மானம் எடுத்திருக்கின்றது. வியாபாரப் பெயர், வியாபாரக் குறி, நூலாக்கம், கண்டுபிடிப்பு ஆகியன உரியவர்களின் உரிமைகள், இன்றைய வழக்கில் அவற்றுக்குப் பணப் பெறுமதி உண்டு, ஷரீஆவின் பார்வையில் அவை பாதுகாக்கப்பட வேண்டியவை, அத்துமீறல் கூடாது என்பது அதன் சாரம். அல்குர்ஆனின் மிக நீண்ட வசனமே தவணைக் கடனை எழுதி வைப்பது பற்றியும், நீதியான எழுத்தாளர் பற்றியும், சாட்சிகள் பற்றியும்தான் பேசுகின்றது (2:282). எழுதி வைப்பதை அவநம்பிக்கை என்று நினைக்கும் பழக்கம் எங்கிருந்து எம்மிடம் வந்ததோ தெரியாது.

அதேநேரம் எல்லாவற்றையும் பதியவும் முடியாது. வாப்பா காலத்திலிருந்து எல்லாத் தறியிலும் ஓடிய கோட்டையும் கட்டத்தையும் ஒருவர் தன் பெயரில் பதிய நினைப்பது நியாயமல்ல, புதியதல்லாததால் சட்டமும் இடந்தராது. அந்தப் பொதுச் சொத்துக்கு ஊரின் பெயர்தான் காவல். இலங்கைக் கறுவாவுக்கு 2022 பெப்ரவரியில் ஐரோப்பிய ஒன்றியத்தில் புவிசார் குறியீடு கிடைத்தது. அதே வருடம் புவிசார் குறியீடுகளை உள்நாட்டிலேயே பதிவதற்காக எமது சட்டமும் திருத்தப்பட்டது. காஞ்சிபுரம் பட்டு இந்தியாவில் அப்படித்தான் காக்கப்படுகின்றது. மருதமுனைக் கைத்தறிக்கு இதை ஏன் கேட்கக் கூடாது? குறைந்தபட்சம் நெசவாளர் சங்கங்கள் ஒன்றுசேர்ந்து, இதே சட்டத்தில் இடமுள்ள கூட்டுக் குறி ஒன்றுக்காவது விண்ணப்பிக்கலாம். சங்கங்கள் ஒன்றுசேருவதுதான் எமதூரில் சட்டத்தைவிடக் கஷ்டமான காரியம்.

கணினி படித்த எமது பிள்ளைகளுக்கும் இதில் ஒரு சொல் இருக்கின்றது. வீட்டிலிருந்தே வெளிநாட்டுக் கம்பனிகளுக்கு மென்பொருள் எழுதும் இளைஞர்கள் இப்போது இப்பகுதியிலும் இருக்கின்றார்கள், மாஷா அல்லாஹ். கணினி நிரலுக்குப் பதிப்புரிமை உண்டு. ஆனால் வியாபாரம் செய்யும் முறைக்கும் கணித முறைக்கும் எமது சட்டம் ஆக்கவுரிமை வழங்காது. ஆகவே, பிளொக்செயினில் ஒரு புது ஐடியா இருக்கின்றது, பேடன்ட் எடுக்கப் போகின்றேன் என்று வெளியில் சொல்லித் திரிவதைவிட, அதை இரகசியமாக வைத்து, எழுத்தில் ஒப்பந்தம் செய்து வேலை செய்வது புத்தி. வெளிப்படுத்தாத தகவலுக்கும் சட்டத்தில் பாதுகாப்பு இருக்கின்றது. மற்றது, சம்பளத்துக்கு வேலை செய்யும்போது எழுதிய நிரல், ஒப்பந்தத்தில் வேறுவிதமாக இல்லாவிட்டால், முதலாளிக்கே சொந்தம். கையெழுத்து வைக்க முன்னர் அந்தப் பக்கத்தைக் கட்டாயம் வாசியுங்கள்.

இனி அரசாங்கத்துக்குச் சொல்ல வேண்டியது. தேசியப் புலமைச் சொத்து அலுவலகம் கொழும்பு 10 இல் இருக்கின்றது. உரிமை மீறப்பட்டால் போக வேண்டிய வணிக மேல் நீதிமன்றமும் கொழும்பில். இங்கிருந்து ஓர் இரவு பஸ்ஸில் போய், ஒரு நாள் நின்று, மறு இரவு திரும்பும் நெசவாளிக்கு இரண்டு நாள் தறி நிற்கும். சட்டத்தரணி செலவு தனி. சந்தைக்கு வரும் பத்து டிசைனில் ஒன்றுதான் நன்றாக ஓடும், அது எதுவென்று முன்கூட்டித் தெரியாத நிலையில் பத்தையும் பதி என்று அவனிடம் எப்படிச் சொல்வது? பிளொக்செயின்காரர்கள் வீடு தேடி வருகின்றார்கள், தமிழில் பேசுகின்றார்கள், பத்து நிமிடத்தில் வேலையை முடிக்கின்றார்கள். அவர்களிடம் எமது மக்கள் போவதற்குக் காரணம் தொழில்நுட்பத்தின் மீதுள்ள மோகம் மட்டுமல்ல.

அடையாள அட்டைக்கும் பிறப்புச் சான்றிதழுக்கும் நடமாடும் சேவை நடத்தும் அரசாங்கம், வருடத்துக்கு இரண்டு தடவை, இரு பெருநாள்களுக்கும் மூன்று மாதம் முன்னதாக, கல்முனையில் ஒரு நாள் இந்த அலுவலகத்தின் அதிகாரிகளை உட்கார வைக்கலாம். தமிழ் விண்ணப்பப் படிவமும், சிறு நெசவாளிக்குக் குறைந்த கட்டணமும், பல டிசைன்களை ஒரே தடவையில் பாரமெடுக்கும் ஏற்பாடும் இருந்தால் போதும். பிரதேச செயலாளர் ஊடாக இந்தக் கோரிக்கையை எழுத்தில் கொடுக்க விரும்பும் நெசவாளர் சங்கங்கள், அடுத்த பெருநாளுக்கான டிசைன் கட்டத்தாளில் இருக்கும்போதே, படம் இன்னும் எந்த வட்ஸ்அப் குழுவுக்கும் போகாத நிலையில், கூடிப் பேசுவது நல்லது.